கப்பலில் மட்டும் ஏறாதே

அந்த அம்புக்குறிக்குச் சித்தி வைத்த பெயர் கங்காணி. கையில் பிடித்து விளையாடும் கேமின் சின்னத் திரையில், மேல் மூலையில், மஞ்சளாக அது துடித்துக்கொண்டே இருக்கும். வாள் வைத்திருக்கும் ஒரு பெண்பிள்ளை காணாமல் போன தன் தம்பியைத் தேடிப் போவதுதான் கதை. அவள் அடுத்து எங்கே போக வேண்டும், யாரோடு மோத வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். சித்தி அதைப் பார்த்து, "கங்காணி கத்திக்கிட்டுக் கெடக்கட்டும், நம்ம இந்தப் பக்கம் போவோம்" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே எதிர்த்திசையில் ஒரு சந்துக்குள் அந்தப் பிள்ளையை நடத்திக்கொண்டு போவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவளுடையது. நான்கு வருடம் சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது, போர்வைக்கும் வாசனைச் சோப்புக்கும் நடுவில், ஒரு துவாயில் சுற்றி இந்தக் கேமையும் கொண்டுவந்தாள். அந்த வீட்டுப் பையனுக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தந்ததும் பழையதை அவன் சித்திக்குக் கொடுத்துவிட்டானாம். லயமே சிரித்தது. முப்பத்தைந்து வயதுப் பொம்பளைக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு கேட்குதா என்று அம்மாவே முகத்துக்கு நேராகக் கேட்டாள். சித்தி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நான்கு வருடத்தில் அவள் அந்த வீட்டு கேட்டைத் தாண்டியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளியே போவது என்றால் பையனோடு இதற்குள் போவதுதான். சண்டை வரும் இடங்களை அவன் முடித்துக் கொடுப்பான். பிறகு ஒரு துறைமுகப் பட்டணம் வரும். அங்கே சண்டை கிடையாது, கடலும் கடைத்தெருவும் மாடிப்படிகளும்தான். பட்டணம் வந்ததும் கேம் சித்தியின் கைக்கு மாறிவிடும்.

தோட்டத்துக்கு வந்த பிறகும் அவள் அந்தப் பட்டணத்தைவிட்டு நகரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அதிலேயே சுற்றுவாள். மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு கிணறு இருப்பது அவளுக்குத் தெரியும். எந்த வீட்டுக் கூரையில் ஏறினால் மழைச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும் என்று தெரியும். அம்புக்குறி இவை எதையும் காட்டாது. பட்டணத்துக்குப் பின்னால் ஒரு மலை, அதன் உச்சியில் ஒரு வெள்ளை வீடு. சித்திக்கு அந்த வீட்டின் மேல்தான் கண். மாதக்கணக்காக வழி தேடிக்கொண்டிருந்தாள். அது வெறும் படம், அங்கெல்லாம் போக முடியாது என்று நான் பெரிய மேதாவி மாதிரிச் சொல்லுவேன். சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்லுவாள். "வழி இல்லாத எடத்துல எவன்டி வீடு கட்டுவான்?"

எனக்கு அப்போது பதினான்கு வயது. வகுப்பில் முதலாம் பிள்ளை என்ற திமிர் தலைக்கேறியிருந்த காலம். சனிக்கிழமைகளில் பதுளையில் டியூஷனுக்குப் போவேன். அங்கே வரும் டவுன் பையன்கள் எந்தக் கேமை எத்தனை நாளில் முடித்தோம் என்றுதான் பீற்றிக்கொள்வார்கள். முடிப்பதுதான் விளையாட்டு என்று நானும் நம்பினேன். பாடப் புத்தகத்துக்கு ஒரு கடைசிப் பக்கம் உண்டு, பரீட்சைக்கு ஒரு கடைசிக் கேள்வி உண்டு, கேமுக்கும் ஒரு முடிவு உண்டு. அம்புக்குறி காட்டிய வழியில் விறுவிறுவென்று போய் அந்த முடிவைத் தொடுகிறவள் கெட்டிக்காரி, சந்து சந்தாகச் சுற்றுகிறவளுக்கு விளையாடத் தெரியவில்லை. இவ்வளவுதான் என் அறிவு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, மலையேறி, தனக்கு விட்ட நிரையில் நுழைந்தால், இரண்டு வரிசைத் தேயிலைக்கு நடுவில் மேலே பார்த்துப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்; சித்தியின் ஆறு நாள் வேலை அதுதான். பக்கத்து நிரைக்குக் கால் மாறினால் சத்தம் போட நிஜக் கங்காணி உண்டு. அப்படிப்பட்டவளுக்கு ஏழாவது நாளில் வளைந்து நெளிந்து நடக்க ஓர் இடம் வேண்டியிருந்தது என்பதை யோசிக்கும் புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

அந்தப் பட்டணத்தில் ஒரு கப்பல் நின்றது. அம்புக்குறி எப்போதும் அதைத்தான் காட்டும். ஏறப் போனால், இங்கிருந்து கிளம்பினால் திரும்பி வர முடியாது, போகலாமா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். பையன் சித்தியிடம் அதைச் சொல்லி வைத்திருந்தான். விளையாடியதைச் சேமித்து வைக்க அந்தக் கேமில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது என்பதையும் சொல்லியிருந்தான். ஆகஸ்ட் லீவில், பகலில் நான் சும்மாதானே இருக்கிறேன் என்று சித்தியே அதை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனாள். "எங்க வேணும்னாலும் நட. கப்பல்ல மட்டும் ஏறிறாத" என்றாள்.

மூன்று நாள் சொன்ன பேச்சைக் கேட்டேன். நான்காம் நாள் ஏறினேன். தெரியாமல் ஏறினேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கேள்வியை வாசித்தேன், புரிந்தது, ஆம் என்று அமுக்கினேன். சேமிக்காமல் அணைத்துவிட்டால் பழையபடி பட்டணத்தில்தான் இருக்கும், கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. கப்பல் கிளம்பிய கையோடு அந்தக் கேம் தானாகவே சேமித்துக்கொண்டது. அணைத்துப் போட்டேன். கப்பல் மேல்தட்டு. மறுபடி அணைத்துப் போட்டேன். அதே மேல்தட்டு. பட்டணம் போயே போய்விட்டது. கப்பலுக்குப் பிறகு வந்ததெல்லாம் ஒற்றை வழி. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர், முன்னால் கதவு, தாண்டியதும் பின்னால் கதவு மூடிக்கொள்ளும். எங்கேயாவது ஒரு வழி திரும்பிப் போகாதா என்று மாலை நான்கு மணிவரை உள்ளங்கை வியர்க்க ஓடினேன். பிறகு அதைத் துவாயில் சுற்றி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகத் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

சித்தி அன்று அதைத் தொடவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, கட்டிலில் உட்கார்ந்து போட்டாள். அவள் முகம் மாறுவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். பட்டணத்தைக் காணோமே என்று மெதுவாகக் கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. ஒரு திட்டு விழுந்திருக்கும், அதிகம் போனால் தலையில் ஒரு குட்டு, அதோடு முடிந்திருக்கும். நானோ பக்கத்தில் போய் எட்டிப் பார்த்து, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, நேற்றும் இன்றும் நான் அதைத் தொடவே இல்லை, முந்தாநாள் இரவு கடைசியாக விளையாடியது அவள்தானே என்று ஞாபகப்படுத்தினேன். அதுவும் போதாதென்று, "நீங்கதான் சித்தி எதையோ மாத்தி அமுக்கிட்டீங்க போல" என்றேன்.

சித்தி தன் கட்டைவிரல்களைப் பார்த்தாள். தேயிலைச் சாறு ஏறிக் கறுத்து, நுனி வெடித்த விரல்கள். அமுக்கியிருப்பேன் போல என்று அவளே சொல்லிவிட்டாள். என்மேல் சந்தேகம் என்ற ஒன்று அவளுக்கு வரவே இல்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, சண்டைகளையெல்லாம் முடித்துப் பட்டணம்வரை கொண்டுவந்து தரட்டுமா என்று பேருக்குக் கேட்டேன். வேண்டாம் என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "நீயே வச்சுக்க. என் கை பட்டா கெட்டுப்போகுது" என்று துவாயோடு தூக்கிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் கேமை முடித்தேன். தம்பி கிடைத்தான், வாண வேடிக்கை எல்லாம் வந்தது. டியூஷனில் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

அன்றிலிருந்து சித்தி பட்டன் உள்ள எதையும் தொடப் பயந்தாள். போன் அடித்தால் யாராவது எடுத்துக் காதில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ரேடியோவைக்கூட நிறுத்தச் சொல்லுவாளே தவிர, தானாக நிறுத்த மாட்டாள். லயத்தில் எல்லோருக்கும் அது கேலியாகிப் போனது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் சிரித்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது தோட்டத்தில் கொழுந்து நிறுக்க எலெக்ட்ரானிக் தராசு வந்தது. மலையில் எடுக்கும் கொழுந்தை மூன்று வேளையும் மடுவம் என்கிற கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். அந்த மடுவத்தில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, ஆளின் நம்பரைத் தட்டி, நிறையைப் பதிய ஒரு பொம்பளையை வைப்பதென்று கணக்கப்பிள்ளை முடிவு செய்தார். வெளிநாடு போய் வந்தவள், நான்கு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்தவள் என்று முதலில் சித்தியைத்தான் கூப்பிட்டார். அவளுக்கு அப்போதே முழங்காலில் வலி ஆரம்பித்திருந்தது. சித்தி மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டாம் தரமும் ஆள் அனுப்பினார். தான் தொட்டால் எல்லோருடைய கொழுந்துக் கணக்கும் அழிந்துபோகும் என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். அடுத்த லயத்துப் பெண் ஒருத்தி போய் உட்கார்ந்தாள். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த என்னிடம் அம்மா இதைச் சிரித்துச் சிரித்து போனில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் போய் உண்மையைச் சொன்னேனா? இல்லை. படிப்பு, பரீட்சை, வேலை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு சாக்கு கையில் இருந்தது.

இப்போது எனக்கு முப்பது வயது. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் நாள் விசைப்பலகையைத் தொடவே கூசுவார்கள். பயப்படாமல் அமுக்கிப் பாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது என்று தைரியம் சொல்லுவேன். சொல்லும்போதெல்லாம் சித்தியின் கட்டைவிரல்கள் ஞாபகத்துக்கு வரும். போன மாதம் அந்தப் பழைய கேமை யாரோ விளையாடிப் போட்டிருந்த ஒரு வீடியோவைப் போனில் பார்த்தேன். மீன் சந்தைக்குப் பின்னால், சித்தி கண்டுபிடித்த அதே கிணற்றின் உள்ளே இறங்கிப் போனால் ஒரு படி. படி ஏறினால் மலை. மலைமேல் வெள்ளை வீடு. கப்பல் ஏறுவதற்கு முன்னால் மட்டும்தான் போகலாம். வீட்டுக்குள் பொன்னும் இல்லை, வாளும் இல்லை, உட்கார்ந்து பட்டணத்தைப் பார்க்க ஒரு பெஞ்சுதான் இருந்தது. எட்டு மாதம் அவள் அந்தக் கிணற்றுக்கு மேலேதான் நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போனேன். சித்தி வாசலில் காலை நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். போனை என் கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டினேன். கிணறு, படி, மலை, வீடு, எல்லாவற்றையும் வாய் திறந்து பார்த்தாள். அப்பவே சொன்னேனா இல்லையா என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்து நாளாகிவிட்டது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். போனை அணைத்துக் கீழே வைத்தேன். "அன்னைக்குக் கப்பல்ல ஏறுனது நான் சித்தி. நீங்க எதையும் மாத்தி அமுக்கல" என்றேன்.

அவள் தன் உள்ளங்கையில் இருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமைப் பற்றித்தான் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தத் தராச நான் தொட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா?"

ஆகியிருக்காது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"பதினோரு வருசம் மழையில நின்னேன்டி" என்றாள் சித்தி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பாமல், மற்ற முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள்.