அண்டாவுக்குள் இருந்த நெட்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், பக்கத்து வீட்டில் குடியிருக்கும் என் ஓரகத்தி செல்வி, நெட் லைன் பார்க்கிறவர்.

எங்கள் இருவரின் வீட்டுக்காரர்களும் வடக்கே ஒரே ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறார்கள். என் வீட்டுக்காரர் குடும்பக் குரூப்பில் வீடியோ போடுவார். வேகமான நெட் லைன் வாங்கியும் எனக்கு அது இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். செல்வியிடம் வெறும் செல்போன் நெட்தான். அவள்தான் முதலில் பார்ப்பாள்.

"அக்கா, மாமா மீசைய எடுத்துட்டாருங்க. நீங்க இன்னும் பாக்கலீங்களா?" என்று அன்று வந்து கேட்டாள்.

என் புருஷன் முகத்தை அவள் சொல்லி நான் தெரிந்துகொள்வதா? வயிறு எரிந்தது. உடனே லைன்காரரை வரச்சொன்னேன்.

வெளியே ஒயரைச் சோதித்தவர், "லைன் ஃபுல் ஸ்பீடு வருதுங்க. வைஃபை பாக்ஸ் எங்கீங்க?" என்றார்.

செல்வி கண் படக்கூடாதென்று பாக்ஸை அலுமினிய அண்டாவைக் கவிழ்த்து மூடியிருந்தேன். அதைத் தூக்கிக் காட்டினேன்.

"ஏனுங்க, சோறாக்கவா வெச்சிருக்கீங்க? அதுக்குள்ள இருந்தா சிக்னல் எப்படீங்க வெளிய வரும்?"

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது பாக்ஸை அலமாரி மேல் திறந்தே வைக்கிறேன். அவள் பார்த்தால் பார்க்கட்டும். மீசை மறுபடி முளைத்திருப்பதை நேற்று அவளுக்கு நான்தான் சொன்னேன். அந்த வீடியோ இறங்க ஆனது நாலு நொடி.