முடுக்கும் வேண்டும், நாற்காலியும் வேண்டும்

காலை 9.10. தூத்துக்குடியில் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். காயல்பட்டினத்துக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். அங்கே பெண்கள் நடப்பதற்கென்றே வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் உண்டு; முடுக்கு என்பார்கள். முள்ளக்காட்டு உப்பளங்கள் முடிவதற்குள், 'பாவம், அடைத்து வைத்திருக்கிறார்கள்' என்று தொடங்கும் பிரசங்கம் ஒன்றை மனசுக்குள் எழுதிவிட்டேன்.

10.25. போன் காட்டிய வழியை நம்பி ஒரு முடுக்குக்குள்ளேயே நுழைந்தேன். எதிரே மூன்று பெண்கள். "அண்ணாச்சி, இது பொம்பளையாளுவ பாதை. ரோட்டு வழியாப் போங்க." தொப்பை திரும்ப விடவில்லை. வந்த வழியே பின்னால் நடந்து வெளியேறினேன்.

11.00. துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் கல்லூரி நண்பன் மீரானின் வீடு. முன்னறையில் தெருக்காரர்கள் எட்டுப் பேர், கையில் ஒரு மனு. அதே முடுக்கை மோட்டார் பைக்குகளுக்குத் திறந்துவிட வேண்டுமாம்.

மீரானின் மனைவி கதீஜா உள்வாசலில் வந்து நின்றார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "காக்கா, இதுல யார் கையெழுத்துப் போடணும்?"

"வீட்டுச் சொந்தக்காரங்கதான்" என்றார் மனு கொண்டுவந்த பெரியவர்.

"எந்த வீடு யார் பேருல இருக்கு?"

எட்டுப் பேரும் மனுவைக் குனிந்து பார்த்தார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதும் அந்த ஊர் வழக்கம். மீரான் என் காதில், "ஏலே, இங்கன உக்காந்திருக்க அத்தன பேரும் மாப்பிள்ளைங்கதாம்ல" என்றான்.

"நாங்க கலந்து பேசிச் சொல்லுதோம். ஆனா உள்ள இருந்து இல்ல, இங்கன உக்காந்து. நாற்காலி போடுங்க. இனிமே தெருக்கூட்டம் எல்லாத்துக்கும் போடுங்க" என்றார் கதீஜா.

"முடுக்கும் வேணும், கூட்டத்துல இடமும் வேணுமா?" என்றார் பெரியவர்.

"ரெண்டும் எங்களுதுதான காக்கா!"

பத்தே நிமிஷத்தில் பதினான்கு பெண்கள் அந்த முடுக்கு வழியாகவே வந்து சேர்ந்தார்கள். நாற்காலி சுமந்த எட்டுப் பேரில் பெரியவரும் ஒருவர். நானும் இரண்டு தூக்கினேன். பைக்குக்கு அனுமதி இல்லை என்று முடிவானது. மனு மடிந்து பெரியவரின் சட்டைப் பைக்குள் போனது.

மாலை 4.30. திரும்பும் பஸ்ஸில், இது என் ஜில்லா என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். ஆத்தூர்ப் பாலம் வரைதான் நிமிர்ந்திருக்க முடிந்தது. அப்பாவின் வீட்டை என் பேருக்கு மாற்றிய அன்று, பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை நீட்டியதும் என் தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அண்ணே, எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்?"

அவளுக்குப் போன் போட்டேன். "வீட்டுல உனக்கும் பாதி எழுதணும் தங்கச்சி. நாளைக்கே வா."



"என்ன அண்ணே, வெயில்ல ரொம்ப அலைஞ்சியா?" என்றாள். பிறகு, "எத்தன மணிக்கு வரட்டும்?"