கொதித்த தயிரும் ஒளிர்ந்தது

சந்திரகலா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைத் திருப்பி அனுப்பினாள். 1989ஆம் ஆண்டு அது. மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடம்; நான் அதன் வேன் டிரைவர். தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் மாதிரிகளை வாங்கி, ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பது என் வேலை. ஆறு வருஷமாக அந்தப் பெட்டியைத் திறந்து யாரும் சூடு பார்த்ததில்லை. அவள் தெர்மோமீட்டரை உள்ளே விட்டாள்.

“பதினோரு டிகிரி இருக்கு அண்ணே. நாலைத் தாண்டியிருக்கக் கூடாது. இதை வெச்சு நான் எண்ணினா அது அந்தக் கம்பெனியோட கணக்கா இருக்காது, உங்க வேனோட கணக்கா இருக்கும்.”

எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் ஷா ஆலாம் வரை போய்ப் புது மாதிரி எடுத்து வந்தேன். சாயங்காலம் அவளே வந்து, “அய்யாவு அண்ணே, இப்போ மூணரை. நல்லா இருக்கு” என்றாள். அதற்குப் பிறகு பத்து வருஷம் சேர்ந்து வேலை செய்தோம்.

அவள் பிறந்தது கேரி தீவில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டுகிறவர். அம்மா வீரம்மா களைக்கொல்லி அடிக்கிறவர். பந்திங்கில் படித்து, ஆய்வுக்கூட உதவியாளருக்கான சான்றிதழ் வாங்கி, கொஞ்ச நாள் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தாள். கணவர் ராதாகிருஷ்ணன் ரயில்வேயில். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தார்கள். காலை ரயிலில் வந்து இறங்கி, எட்டு மணிக்கு முன்னாலேயே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பாள்.

தயிரில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாவை எண்ணுவதுதான் அவளுடைய முக்கிய வேலை. தயிரைத் தண்ணீரில் பல மடங்கு கரைத்து, அதில் ஒரு சொட்டை உணவுக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் பரப்பி, காற்றுப் புகாத ஜாடிக்குள் வைப்பாள். உயிருள்ள ஒவ்வொன்றும் பெருகி ஒரு வெள்ளைப் புள்ளியாகும். மூன்று நாள் கழித்துப் புள்ளிகளை எண்ண வேண்டும். அவள் எண்ணியதை இன்னொருவர் எண்ணினால் இரண்டு மூன்று புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம் வராது.

1995இல் எங்கள் கூடத்துக்கு பி.சி.ஆர். இயந்திரம் வந்தது. பார்க்க ரொட்டி டின் மாதிரி இருக்கும். கூடத்தின் தலைவர் டாக்டர் ராமசுப்பிரமணியன் அதற்காக இரண்டு வருஷம் மேலிடத்தோடு மல்லுக்கட்டியிருந்தார். ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் அதற்கு மட்டுமே உள்ள ஒரு துண்டைத் தேடிப் பிடித்து, கோடிக் கணக்கில் நகல் எடுத்துவிடும் என்று எனக்கு விளக்கினார். அந்த நகல்களை ஒரு ஜெல்லில் ஓடவிட்டுச் சாயம் ஏற்றி, புற ஊதா விளக்கில் பார்த்தால் கோடு ஒளிரும். கோடு பிரகாசமாக இருந்தால் பாக்டீரியா நிறைய. மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்.

சந்திரகலா இரண்டே வாரத்தில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள். வெளியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர் மூன்றாம் நாளே ஊருக்குப் போய்விட்டதால் மீதியை அவளே கற்றுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சோலையப்பனின் தயிர் வந்தது. அவர் குடும்பம் நீண்ட காலமாக வியாபாரத்தில் இருந்தது. அவர் புதிதாக ஷா ஆலாமில் ஒரு பால் தொழிற்சாலை தொடங்கியிருந்தார். தயிராக்கும் சாதாரணப் பாக்டீரியாவோடு, வயிற்றுக்கு நல்லது என்று இன்னொரு வகையையும் சேர்த்திருந்தார். கப்பின் மேல் ‘உயிருள்ளது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கடையில் வாங்கிய கப்பில் அந்த இரண்டாவது வகை எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குச் சான்று வேண்டும்.

போர்ட் கிள்ளான் கடைகளில் நான் பன்னிரண்டு கப்பும், ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையிலேயே சில கப்பும் எடுத்து வந்தேன். பி.சி.ஆரில் பன்னிரண்டும் பிரகாசமாக ஒளிர்ந்தன. வழக்கப்படி சந்திரகலா தட்டிலும் போட்டிருந்தாள். மூன்றாம் நாள் பார்த்தால் கடைக் கப்புகளின் தட்டில் இருக்க வேண்டியதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

டாக்டர் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஜாடியில காத்து புகுந்திருக்கும். இந்த வகைக்குக் காத்து ஆகாது. மெஷின் சொல்றதையே ரிப்போர்ட்ல போட்டுடலாம்.”

“தொழிற்சாலையில எடுத்த கப்பும் அதே ஜாடியிலதான் இருந்துச்சு டாக்டர். அது நல்லா வளர்ந்திருக்கு. ரெண்டு நாள் ரிப்போர்ட்டை நிறுத்தி வைங்க, ஒண்ணு பாத்துடறேன்.”

அவள் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். தொழிற்சாலைக் கப்பில் ஒன்றைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிஷம் வைத்தாள். ஒரு நாள் அப்படியே விட்டு, பிறகு பி.சி.ஆரில் ஓட்டினாள். கோடு அதே பிரகாசத்தில் நின்றது. உயிர் போனாலும் டி.என்.ஏ. கலையாமல் அப்படியே கிடக்கிறது. இயந்திரத்துக்கு உயிரும் பிணமும் ஒன்றுதான். டாக்டர் அந்தப் படத்தை வாங்கித் தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, “இதை நான் முதல்லயே செய்திருக்கணும்” என்றார். அதை அவர் வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் சோலையப்பன் நேரில் வந்தார். டாக்டர் சந்திரகலாவையே பேசச் சொன்னார். மாதிரிகள் கொண்டுவந்தவன் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். அவள் மேஜையில் ஒரு படத்தை வைத்தாள். மூன்று கோடுகள், மூன்றும் ஒரே மாதிரி.

“சார், ஒண்ணு உங்க தொழிற்சாலையில எடுத்தது. ஒண்ணு கடையில எடுத்தது. இன்னொண்ணை நான் கொதிக்க வெச்சேன். எது எதுன்னு சொல்லுங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு.”

அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்று நிறையப் புள்ளிகள். ஒன்றில் ஏழு. ஒன்று வெறுமை.

“அப்போ கொதிக்க வெச்சதும் என் கடைச் சரக்கும் ஒண்ணுங்கறீங்களா?”

“கிட்டத்தட்ட, சார்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படாமல் ஒரு கேள்வி கேட்டார். “தட்டுல வளராததெல்லாம் செத்துப்போச்சுன்னு எப்படிமா சொல்றீங்க? அடிபட்ட ஆளு எழுந்து நடக்கலேன்னா செத்துட்டான்னு அர்த்தமில்லையே.”

சந்திரகலா அதை யோசித்தாள். “நல்ல கேள்வி சார். அதுக்கு இப்ப எங்கிட்ட பதில் இல்ல. நாலு மாசம் குடுங்க, பதிலோட வரேன்.”

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். நாலு மாசம் என்று அவரிடம் அவள் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை.

அவளுடைய எண்ணம் இதுதான். உயிருள்ள பாக்டீரியா வேலை செய்துகொண்டே இருக்கும். வேலைக்கான உத்தரவுகளை ஆர்.என்.ஏ.வில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த ஆர்.என்.ஏ. சீக்கிரம் கலைந்துவிடும். பாக்டீரியா செத்தால் புது உத்தரவு வராது, பழையதும் அழிந்துவிடும். அதனால் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து அளந்தால் உயிரோடிருப்பதை அளந்ததாகும். வெளிநாட்டில் சிலர் வேறு பாக்டீரியாக்களில் இதைச் செய்திருந்தார்கள். கட்டுரைகளை டாக்டர் வரவழைத்துக் கொடுத்தார். அவள் ரயிலில் படித்தாள்.

படிப்பது வேறு, செய்வது வேறு. ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றித்தான் இயந்திரத்தில் போட முடியும். அந்த மாற்றும் மருந்தைச் சேர்க்காமல் ஒரு குழாயை அவள் எப்போதும் தனியாக ஓட்டுவாள். அதில் எதுவும் ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் பழைய டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருக்கிறது, அன்றைய வேலை மொத்தமும் வீண். ஆறு வாரம் அந்தக் குழாய் ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

“ரொம்ப மங்கலாத்தானே இருக்கு, அதைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடலாம்” என்றார் டாக்டர்.

“கழிச்சா அந்த சாரோட கேள்விக்கு மறுபடியும் பதில் இல்லாமப் போயிடும் டாக்டர்.”

அன்றைக்கு வேனில் ரயில் நிலையம் வரை வந்தாள். களைத்திருக்கிறாளே என்று, “விட்டுடலாம்லா சந்திரா” என்றேன்.

“இல்லண்ணே. எங்க தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. தயிர்ல இருக்கிற கொழுப்பும் கட்டியும் பாக்டீரியாவை மூடிக்கிட்டு இருக்கு. டி.என்.ஏ.வை அழிக்கிற மருந்து உள்ள போகவே மாட்டேங்குது. முதல்ல அதைக் கழுவணும், அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றாளே தவிர, அதற்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. சிட்ரேட் என்ற உப்பு கலந்த நீரில், ஐஸில் வைத்தபடியே, எட்டு நிமிஷத்துக்குள் கழுவி முடிக்க வேண்டும். தாமதித்தால் ஆர்.என்.ஏ. போய்விடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்வாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மாற்றும் மருந்து சேர்க்காத அந்தக் குழாய் இருண்டு கிடந்தது. பக்கத்தில் தொழிற்சாலைத் தயிர் ஒளிர்ந்தது. கொதிக்க வைத்து ஒரு நாள் விட்டது இருட்டு. அவள் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிட்டாள்.

கடைக் கப்புகளில் கோடு மங்கலாக இருந்தது. கணக்குப் போட்டால், தட்டு சொன்னதைப் போலப் பத்து மடங்கு உயிரோடு இருந்தது. ஆனாலும் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டதில் நூற்றில் ஒன்றுதான். சோலையப்பனிடம் அவள் அதை அப்படியே சொன்னாள்.

“நீங்க கேட்டதுலயும் உண்மை இருந்துச்சு சார். தட்டு சிலதை விட்டுடுது. ஆனா நூத்துல தொண்ணூத்தொம்பது நிஜமாவே செத்துப்போச்சு.”

“எங்க சாகுது?”

“அதைத்தான் இப்ப ஒரே நாள்ல சொல்ல முடியும்.”

மறுவாரம் ஒரே தேதியில் செய்த கப்புகளை நான் பின்தொடர்ந்தேன். தொழிற்சாலை வாசலில் இரண்டு, லோரியில் இருந்து இறக்கும்போது இரண்டு, போர்ட் கிள்ளானில் ஒரு விநியோகஸ்தரின் கிடங்கில் இரண்டு, கடையில் இரண்டு. லோரி வரை எல்லாம் சரி. கிடங்கில் திங்கட்கிழமை காலை எடுத்ததில் கோடு பாதியாக மங்கிவிட்டது. கடையில் இன்னும் மோசம். கிடங்கின் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் பூட்டும்போது குளிர்சாதனத்தையும் நிறுத்திவிடுவது அவர்கள் வழக்கம் என்று சாதாரணமாகச் சொன்னார். கிட்டத்தட்ட இரண்டு நாள் வெக்கையில் தயிர் மேலும் புளித்து, அந்தப் புளிப்பிலேயே இரண்டாவது வகை செத்துக்கொண்டிருந்தது. சாதாரண தயிர்ப் பாக்டீரியா தாங்கிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை.

சோலையப்பன் அந்தக் கிடங்கை விட்டார். விற்பனைக்கான கடைசித் தேதியையும் எட்டு நாள் குறைத்தார். இரண்டு மாதம் கழித்து நான் எடுத்து வந்த கடைக் கப்புகள் தொழிற்சாலைக் கப்புகளுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய சமமாக ஒளிர்ந்தன. ‘உயிருள்ளது’ என்ற எழுத்துக்கு எங்கள் கூடம் அப்போதுதான் சான்று கொடுத்தது.

1998இல் கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கு. டாக்டர் பேச வேண்டியது. “செஞ்சது நீ, நீயே போய்ப் பேசு” என்று அவளை அனுப்பினார். நான் வேனில் கொண்டுபோய் விட்டு, பின் வரிசையில் உட்கார்ந்தேன். கத்தரிப்பூ நிறச் சேலை. இருபது நிமிஷம் படங்களைக் காட்டிப் பேசினாள். ஒரு பேராசிரியர் எழுந்து, டாக்டர் பட்டத்துக்கு எங்கே ஆய்வு செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பட்டம் இல்லை. நான் ஆய்வுக்கூட உதவியாளர்” என்று அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

அடுத்து அவர், இந்தச் சோதனை முறை எல்லாத் தயிருக்கும் பொருந்துமா என்று கேட்டார்.

“இந்தத் தயிருக்குப் பொருந்தும், அதை உறுதியாகச் சொல்வேன். மற்றதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

அவர் அனுப்பினார். வேறு மூன்று இடங்களிலிருந்தும் வந்தது. அந்த வருஷம் முழுக்க எனக்கு இரண்டு ஐஸ்பெட்டி தேவைப்பட்டது.