மணல்திட்டும் மஞ்சப்பையும்

எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கூடாரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது நீல நிறத்தில் ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் விரித்துக் காட்டினார். அம்மா சுற்றிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் கொழுந்தனாரே, கொசுவலைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆற்று நடுவில் இருக்கும் மணல்திட்டில் தங்குவது என்று சித்தப்பா முடிவு செய்திருந்தார். "அங்கெல்லாம் தீவுல போயித் தங்க க்யூவுல நிக்கிறாங்க அண்ணி. நமக்கு வாசல்லயே தீவு கெடக்கு!" தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் வேண்டுமே. திருவையாற்றுக்குக் கிழக்கே, எங்கள் ஊர்ப் பக்கம், அந்த வருடம் காவிரியில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் கிடையாது.

சித்தப்பாவுக்கு அது வசதி. அப்பாவுக்கு வயிற்றெரிச்சல். குறுவைக்கு விட்ட நாற்று மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள்தான். ஆனால் தண்ணீர் பற்றாத வருடம் என்பதால் முறை வைத்து விடுகிறார்கள், முதல் முறை பக்கத்து ஆறான வெண்ணாற்றுக்கு, அடுத்த வாரம்தான் காவிரிக்கு என்று பேச்சு. அதுவரை நாற்று தாங்காது. நாற்று கருகினால் அப்பா சித்தப்பாவோடு சிங்கப்பூர் கிளம்புவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை தஞ்சாவூர் ஏஜென்ட்டிடம் காகிதங்களைக் கொடுத்தாக வேண்டும்.

எனக்கோ ஒரே குஷி. பதினொரு வயது. வகுப்பில் அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன மவுசு தெரியுமா? வாசனை ரப்பர் வேறு கொண்டுவருவார்கள். அம்மா அந்த வாரம் இரண்டு தடவை குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டினாள். கவனமே இல்லை இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமைப் பூசையை விட்டுட்டு மணல்ல உருண்டா மாதா சும்மா விடுவாளா?" என்று அம்மா இழுத்துப் பார்த்தாள். அப்பாதான், "பிள்ளைங்க ஆசைப்படுது. போயிட்டு வா. நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறி எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று அனுப்பிவைத்தார். கையெழுத்தையும் அங்கேயே போட்டுவிடலாம் என்று அப்பாவின் பாஸ்போர்ட், போட்டோ, காகிதமெல்லாம் அடங்கிய மஞ்சப்பையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை முழுக்க ஆட்டம்தான். புளிசாதத்தில் மணல் நறநறத்தது. கைகழுவ நானும் ஆறு வயதுத் தம்பியும் திட்டின் ஓரத்தில் ஊற்று தோண்டினோம். முழங்கை ஆழத்துக்குத் தோண்டியும் உள்ளங்கையளவுதான் கசிந்தது. சித்தப்பா கூடாரத்தையும் எங்களையும் மாற்றி மாற்றிப் படமெடுத்துப் போனில் சார்ஜைத் தீர்த்துவிட்டுக் குறட்டைவிட ஆரம்பித்தார்.

விடிந்ததும் முகம் கழுவப் போன தம்பி ஓடிவந்தான். "ஊத்து ரொம்பிப் போச்சு!"

"ராத்திரி நீ ஒண்ணுக்குப் போயிருப்படா" என்றார் சித்தப்பா, கண்ணைத் திறக்காமல்.

வெளியே எட்டிப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மேற்கேயிருந்து செத்தையும் நுரையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஓடிக்கூட வரவில்லை, ஒவ்வொரு பள்ளமாக நின்று நிரப்பிவிட்டு, நிதானமாக நடந்து வந்தது. "மாதாவே! தண்ணி!" என்று கத்திய அம்மா, ஓடவேண்டிய நேரத்தில் குனிந்து அதைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, அப்புறம் கும்பிட்டுக்கலாம், கிளம்புங்க!" என்று சித்தப்பா தம்பியைத் தோளில் தூக்கிப்போட்டார்.

திட்டுக்கும் கரைக்கும் நடுவே தாழ்வான மணல். அங்கே அதற்குள் என் முழங்காலுக்குத் தண்ணீர். பாதி தூரம் போன பிறகு எனக்கு மஞ்சப்பை நினைவுக்கு வந்தது. அப்பாவின் பாஸ்போர்ட்! ஒரு பெரிய மனுஷிபோல அம்மா கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடினேன். அம்மா போட்ட கூச்சலில் கரையில் இருந்த நாய்கூடக் குரைத்தது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் திரும்பும்போது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. காலடியில் மணல் நழுவியது. செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

யாரோ என்னைக் கொத்தாகத் தூக்கினார்கள். அப்பா! வண்டியைக் கரையில் போட்டுவிட்டு வேட்டியோடு இறங்கியிருந்தார். "முறையை மாத்திட்டாங்கடா! காவிரிக்குத்தான் மொதல்ல விட்டிருக்காங்க! மதகு பாக்குறவர் இப்பத்தான் சொன்னாரு. உன் போன் ஏன்டா அடிக்க மாட்டேங்குது?" என்று சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினார். திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்; முகத்தைப் பார்த்தால் வாயெல்லாம் பல். எங்களுக்குப் பின்னால் நீலக் கூடாரம் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல ஒய்யாரமாகக் கும்பகோணம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கரையில் இறக்கிவிட்ட அப்பா, வாய்க்கால் மடையைத் திறக்க ஈரவேட்டியோடு ஓடினார்.

என் முதுகில் பொளேரென்று ஒன்று விழுந்தது. "போயிருந்தியன்னா நான் என்னடி பண்ணுவேன்?" என்றாள் அம்மா. நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன்.

பிறகுதான் அவள் பையைப் பிரித்தாள். பாஸ்போர்ட், போட்டோ, காகிதம் எதிலும் ஒரு சொட்டு ஈரமில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாராட்டுக்காக நின்றேன். அம்மா பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாய்க்கால் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். "எதைக் காப்பாத்திக் கொண்டாந்திருக்கு பாருங்க கொழுந்தனாரே!" என்று இன்னொரு அடி வைத்தாள். அது வலிக்கவே இல்லை. அடித்த கையோடு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சித்தப்பா ஈர மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

நாற்று பிழைத்தது. அப்பா போகவில்லை. பாஸ்போர்ட் பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. வாசனை ரப்பர் கைநழுவிய துக்கத்தில் நான் ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். முதல் அடி எதற்கென்று எனக்குத் தெரியும். நல்லதுதானே செய்தேன், இரண்டாவது அடி எதற்கு, அடித்துவிட்டு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏன் அப்படி அழுதாள் என்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவே இல்லை.