ரயில்காரரின் பதினெட்டாவது பதில்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'கேள்வியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக ஒரே வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைத் தொலைபேசியில் அழைத்து, எழுதிக் கொடுத்த கேள்விகளை ஓர் எழுத்தும் பிசகாமல் கேட்டு, பதிலைக் கணினியில் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள். "இவ நாக்கை ஆபீஸ்லயே அடகு வச்சுட்டு வந்துடறா" என்று கேலி செய்வான் அவள் புருஷன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கேலி செய்ய இப்போது அவன் இல்லை.

கொள்ளைநோய்க்கு முந்தைய வருடம் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. இருபத்தேழு நாடுகளில், அதே ஆட்களிடம், அதே நாற்பது கேள்விகளை வருடாவருடம் கேட்பது. மனிதர்களின் மனம் மாறுகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்கத்தான். அவள் பங்குக்கு இருநூறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்.

பதினெட்டாவது கேள்வி இது: 'பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, அல்லது ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டுமா?'

இரண்டாம் சுற்றின்போது நோய் ஊரை உலுக்கிக்கொண்டிருந்தது. படுக்கையறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அவள் வீட்டிலிருந்தே பேசினாள். புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தான், ஒன்பதாம் நாள். பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. ரயில்காரரிடம் பதினெட்டாவது கேள்வியைக் கேட்டு முடித்த நொடியில், மேசைமேல் கிடந்த அவளுடைய கைபேசி உறுமியது. ஆஸ்பத்திரி எண்.

பேட்டியை நடுவில் விடக் கூடாது என்பது விதி. இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாளும் விட்டதில்லை. ரயில்காரரோ மடை திறந்தாற்போல் பேசிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி ராத்திரியா ஆயிரம் பேர் என்னை நம்பித் தூங்கியிருக்காங்க, அம்மாடி. என் மூஞ்சியைக்கூட அவங்க பார்த்ததில்ல. அவங்களை நான் நம்பலேன்னா நான் என்ன மனுஷன்? 'நம்பலாம்'னே போட்டுக்கோ!"

கைபேசி மூன்று முறை உறுமி அடங்கியது. அவர் பேசி முடிக்க நாலு நிமிஷம் ஆயிற்று. அவள் திரும்ப அழைத்தபோது நர்ஸ் சொன்னாள்: "உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு கேட்டாரும்மா. அவர் காதுல போனை வச்சுப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். இப்போ நினைவு தப்பிடுச்சு." அது திரும்பவே இல்லை. சாயங்காலம் உயிர் போயிற்று.

அந்த ஒரு வார்த்தை என்ன? சோறு வடிக்கும்போதும், மகளுக்குத் தலை வாரும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அந்தக் கேள்வி அவளைப் பேயாய்ப் பிடித்து ஆட்டியது. மேசை உறுமுகிற ஓசை, மேசையே இல்லாத இடத்திலும் கேட்டது.

மூன்றாம் சுற்றில், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா, அம்மாடி?" என்று ரயில்காரர் கேட்டார். சொந்தக் கதை பேசக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அவர் இல்லீங்க. போன தடவை நீங்க பேசிட்டிருந்தப்போதான் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. எடுக்க முடியல. கடைசியா என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு கேட்டாராம்."

சொன்ன வேகத்தில் அவள் கேள்விகளுக்குத் தாவினாள். பிறகு பதினெட்டாவது கேள்வி வந்தது. "நம்பலாம்" என்றார். ஒரே வார்த்தை.

நாலாம் சுற்றில், ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில்காரரின் எண்ணை அழைத்தபோது அவருடைய மனைவி எடுத்தாள். "அவர் போய் எட்டு மாசமாச்சும்மா" என்றாள்.

இறந்தவர்களுக்கென்று கணினியில் ஓர் எண் உண்டு. அதைத் தட்டிவிட்டு அடுத்த ஆளை அழைத்திருக்க வேண்டும். விரல் வரவில்லை. கட்டின புருஷனுக்குக் கொடுக்காத நாலு நிமிஷத்தை அவள் இந்த மனிதருக்குக் கொடுத்திருந்தாள். இவரும் போய்விட்டால் அந்த நாலு நிமிஷம் யாருக்காக? போன வருடத்துப் பதில்களைப் பார்த்துப் பார்த்து, நாற்பது கேள்விக்கும் அவளே பதில் போட்டாள். பதினெட்டுக்கு, 'நம்பலாம்'.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வாயெல்லாம் பல்லாக வந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"கேள்வியக்கா, ஊர் உலகமே மனசு மாறிப்போய் உட்கார்ந்திருக்கு. உங்க ஆளுங்கள்ல மட்டும் நிறையப் பேர் அசையவே இல்ல. என்ன பசை போட்டு ஒட்டினீங்க?"

அவள் சிரிக்க முயன்றாள். அதற்குள், பத்துக்கு ஒரு பேட்டியைத் திரும்ப அழைத்துச் சரிபார்க்கும் பெண் முகம் வெளுத்து ஓடி வந்தாள்.

"அக்கா, அந்த ரயில்காரர் வீட்டுக்குப் போன் போட்டு, செவ்வாய்க்கிழமை அவர் எங்ககிட்ட பேசினாரான்னு அவர் சம்சாரத்துக்கிட்ட கேட்டுட்டேன். அவர் செத்து எட்டு மாசமாகுதாம். போனை வைக்கவே மாட்டேங்கறாங்க. என்ன பேசினாரு, என்ன பேசினாருன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க!"

சூப்பர்வைசருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் கைபிடித்து ஓரமாக இழுத்தான்.

"ராங் நம்பர், தப்பா ஏறிடுச்சுன்னு சொல்லிடுங்க. நானும் அப்படியே எழுதிக்கறேன். பொய்ப் பேட்டின்னு வெளியே தெரிஞ்சா, இந்த வேலை மட்டுமில்ல, இனி எங்கயும் உங்களைப் போன் பக்கம் விட மாட்டாங்க. பொண்ணு காலேஜ்ல படிக்குது, மறந்துடாதீங்க."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"ஏம்மா" என்றாள் கிழவி. "நிஜமாவே பேசினாரா?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். இருந்தது ஆசை.

"இல்லம்மா" என்றாள். "அவர் பேசல. நானேதான் எழுதினேன். அவர் போனதை எழுத எனக்கு மனசு வரல."

சூப்பர்வைசர் தலையில் கை வைத்தான்.

"அந்தப் பொண்ணா நீ? புருஷன் செத்துப்போன பொண்ணு?" கிழவியின் குரல் தழுதழுத்தது. "மனுஷங்களை நம்பலாமான்னு ஒரு கேள்வி கேட்பியே, அதுக்கு என்னம்மா எழுதினே?"

"எப்பவும் சொல்றதுதாம்மா. நம்பலாம்னு."

"எப்பவும் உன்கிட்ட சொல்றது." கிழவி ஒரு பெருமூச்சு விட்டாள். "கூட வேலை பார்த்தவங்க பதினொரு பேர் அந்த நோய்ல போனாங்க. அதுக்கப்புறம் அவர் யாரையும் நம்பல. கூடப்பிறந்த தம்பிக்கே கதவைத் திறக்கல. பக்கத்து வீட்டுப் பையன் வாங்கியாந்த மாத்திரையை ஜன்னல் வழியா வீசினாரு. ஆனா போன வருஷம் நீ கேட்டப்போ, நம்பலாம்னாரு. ஏன்யா பொய் சொன்னேன்னு கேட்டேன். 'நான் பேசின பேச்சுக்கு அந்தப் பொண்ணு புருஷனோட கடைசி வார்த்தையை விலையா கொடுத்திருக்கா. அந்தப் பேச்சு பொய்யாப் போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?'னாரு."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அதோட விட்டுச்சா? போன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாரு. நான் வாயை மூடியிருந்தா அவ போனை எடுத்திருப்பாளே, எடுத்திருப்பாளேன்னு. சாகிற வரைக்கும் அதே புலம்பல்."

தன்னைப் பிடித்த பேய் தன்னோடு நின்றுவிட்டது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரு வாய் வார்த்தையில், பாதியை அந்தக் கிழவரின் தோளில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

"அவர் மேல தப்பே இல்லம்மா! எடுக்காதது நான். அவர் என்ன பண்ணுவாரு?"

"இதை அவர் காதுல போட்டிருக்கலாமே, தாயி" என்றாள் கிழவி. திட்டவில்லை. போனையும் உடனே வைக்கவில்லை. இரண்டு விதவைகளும் கொஞ்ச நேரம் ஒருவர் அழுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் அந்தப் பேட்டியைத் திறந்து, நாற்பது பதிலையும் ஒவ்வொன்றாக அழித்தாள். இறந்தவர்களுக்கான எண்ணைத் தட்டினாள். புருஷன் செத்த அன்று வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது.

"நாளையிலிருந்து நீங்க போனைத் தொட வேண்டாம், அக்கா" என்றான் சூப்பர்வைசர், அவள் முகத்தைப் பார்க்காமல். "மேலிடத்துல பேசிப் பார்க்கறேன். ஃபைல் அடுக்கற வேலையாவது தருவாங்களான்னு."

"போன வருஷத்துப் பதிலும் பொய், தம்பி. அதையும் மாத்தணும்."

"அதை எப்படிக்கா மாத்தறது? அச்சாகி இருபத்தேழு நாட்டுக்கும் போயாச்சு."

போகத்தான் போயிருந்தது. மனம் மாறாதவர்களின் பட்டியலில், கதவைச் சாத்திக்கொண்டு செத்துப்போன அந்த ரயில்காரர் இன்னமும் மனிதர்களை நம்பிக்கொண்டிருக்கிறார்.