ஆளுக்கு ஒரு தோடு

2006ஆம் வருடம், வைகாசி மாதம். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கொஞ்சம் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்பு எடுக்கிறவர். அந்தக் கோடையில் யாரும் எதிர்பார்க்காத மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஓலை போட்டு மூடாமல் வைத்திருந்த உப்புக் குவியல் எல்லாம் கரைந்து ஓடிப்போனது. அதே வாரம்தான் என் மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்க இடம் கிடைக்கும் என்றார்கள். கட்டுவதற்குத்தான் பணம் இல்லை.

எங்கள் அம்மா மூன்று மாதம் முன்புதான், மாசியில் தவறிப் போயிருந்தார். கடைசி நாலு வருடமும் படுத்த படுக்கையாக என்னிடம்தான் இருந்தார். அவர் நகைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு என் பீரோவில் இருந்தன. கனமான ஒரு குண்டுமாலை, ஒரு கெம்புக்கல் அட்டிகை, எண்ணெய் இறங்கி மங்கிப்போன ஏழுகல் தோடு ஒரு ஜோடி, இரண்டு மோதிரம், வெள்ளிக் கொலுசு. எல்லாம் அம்மாவுக்கு அவர் பிறந்த வீட்டில் போட்டு அனுப்பிய அந்தக் காலத்து நகைகள். பங்கு எனக்கும் என் தங்கைக்கும். அவளைக் கிளியனூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஆரோவில்லில் ஊதுபத்தி சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் பங்கு பிரித்து வைக்க வேண்டும். இளையவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எது என்ன விலை பெறும் என்று தெரியாமல் எப்படிப் பிரிப்பது? அதனால் டப்பாவை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனேன்.

முதல் கடையில் தராசில் போட்ட வேகத்திலேயே ஒரு தொகை சொன்னார்கள். தோட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெள்ளைக்கல்லும்மா, கல்லுக்கெல்லாம் விலை கெடையாது” என்றார்கள். மனசு ஒப்பவில்லை. நாலு கடை தள்ளி ஒரு சின்னக் கடை. அங்கே இருந்த பெரியவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கண்ணில் லென்ஸ் வைத்து, அரை மணி நேரம் பார்த்தார். குண்டுமாலையை உரைகல்லில் உரசிவிட்டு, “மேல மெல்லிசாத் தங்கத் தகடு, உள்ள பூரா அரக்குதாம்மா. பாக்கறதுக்குத்தான் கனம். இதோ, ஒரு குண்டு நசுங்கியும் இருக்குது” என்றார். தோட்டுக்கு வந்தபோது அவர் குரல் மாறியது.

“இதை யாராவது வெள்ளைக்கல்லுன்னு சொன்னா நம்பாதீங்க. அத்தனையும் வைரம், பழைய கட்டிங். ஜோடியா இருந்தாத்தான் இந்த விலை போகும். ஒத்தை ஒத்தையா வித்துடாதீங்க” என்று சொல்லி, விலையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டு வரச் சொன்னார். அந்தத் தோடு ஒன்றே மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பல மடங்கு. என் மகள் படிப்புக்கு அது போதும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனசு கெட ஆரம்பித்தது. நாலு வருடம் அம்மாவுக்குப் பீ, மூத்திரம் அள்ளியவள் நான்தானே என்று அது சொன்னது. துண்டுச்சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே விட்டேன். என் வீட்டுக்காரரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. நேரே சிவன் கோயிலுக்குப் போய், அம்மன் சன்னதியில் கண்ணை மூடி நின்று வேண்டிக்கொண்டேன்: “தாயே, என் தங்கச்சி மாலையை எடுக்கணும்.” இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் பளபளவென்று தேய்த்த குண்டுமாலையும் அட்டிகையும். இன்னொன்றில் மோதிரம், கொலுசு, கழுவாமலே விட்ட தோடு. “ஏம்மா சின்னவளே, நீ முதல்ல எடு” என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் யோசிக்கவே இல்லை. மாலையைக் கையில் எடுத்து ஒவ்வொரு குண்டாகத் தடவிக்கொண்டே போனாள். நசுங்கிய குண்டு வந்ததும் சிரித்தாள்.

“மாமா, இங்க பாருங்க. பல்லு முளைக்கிறப்போ நான் கடிச்சது. அம்மா சொல்லிக்கினே இருப்பாங்க, ‘உங்க அக்கா சோறு திம்பா, நீ தங்கம் திம்பே’ன்னு. எனக்கு இதான் வேணும்க்கா. நீ எங்க இதை எடுத்து உன் பங்குல வச்சிக்குவியோன்னு பஸ்ஸுல பூரா கவலப்பட்டுக்கினே வந்தேன்.”

நான் கேட்டபடியே நடந்துவிட்டது. அவளுக்கும் சந்தோஷம்தான். யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று சாயங்காலம் விளக்கேற்றி, அம்மனுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. திங்கள், செவ்வாயும் அப்படியே. திரியை மட்டும் தூண்டிவிட்டு எழுந்துவிடுவேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, திண்டிவனத்தில் மாறி, கிளியனூர் போய் இறங்கினேன். தங்கை வேலைக்குக் கிளம்பி, சைக்கிள் ஹேண்டில் பாரில் டிபன் பாக்ஸ் பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா இவ்ளோ காலைல? மாமாவுக்கு ஒண்ணும் இல்லியே?”

தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் சொன்ன விலை, கிழித்த சீட்டு, அம்மனிடம் வேண்டிக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. முந்தானையில் முடிந்திருந்த தோட்டை அவிழ்த்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

“அப்போ தெரிஞ்சேதான் பிரிச்சி வச்சியா?”

“ஆமாண்டி.”

“நான் ஏமாறணும்னு சாமிகிட்ட வேற வேண்டிக்கினியா?”

நான் தலையை ஆட்டினேன். அவள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. போய்விடலாமா என்று நான் நினைத்தபோது ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“நாலு வருஷம் அம்மாவ நீதான் பாத்துக்கினே. நான் மாசத்துக்கு ஒரு தபா வந்து எட்டிப் பாத்துட்டுப் போனவ. ‘எனக்கு வேணும்டி, பொண்ணப் படிக்க வைக்கணும்’னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, ரெண்டு தட்டையும் உன்கிட்டயே வுட்டுட்டு வந்திருப்பேன். கேக்காமப் பூட்டியேக்கா. அதான் தாங்கல.”

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழத்தான் முடிந்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிரித்து, ஒரு தோட்டை எடுத்துத் தன் மணிபர்சில் போட்டுக்கொண்டாள்.

“ஒண்ணு உன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. ஜோடியாத்தான் விலை போகும்னாரு இல்ல? விக்கணும்னா ரெண்டு பேரும் சேந்துதான் போவணும். இனிமே உன்னத் தனியா கடைக்கு அனுப்புறதா இல்ல” என்றாள். அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரமே இரண்டு பேரும் சேர்ந்து அதே பெரியவர் கடைக்குப் போனோம். ஆளுக்கு ஒரு தோட்டை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்ததைப் பார்த்து அவர் ஒரு மாதிரி சிரித்தார். சீட்டில் எழுதிய விலையையே கொடுத்தார். வாசலில் நின்று சரிபாதியாகப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். மறுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்து மணிபர்சில் வைத்துக்கொண்டாள். அவள் அப்படி எண்ணி வாங்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. “மாலையில உனக்குப் பாதி வேணாமாக்கா?” என்றாள். “எச்சில் பண்ணினது நீ, நீயே வச்சிக்க” என்றேன்.

என் பாதிப் பணம் முதல் வருடப் படிப்புக்கு ஆயிற்று. மீதி வருடங்களுக்கு உப்பே வழிவிட்டது. இன்று மகள் நர்ஸாக இருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் சித்தியைப் பார்க்காமல் போகமாட்டாள்.

எட்டாவது வரைதான் படித்தவள் நான். பெரிதாக எழுதத் தெரியாது. அன்றிலிருந்து கோயிலில் கைகூப்பும்போதெல்லாம் என் தங்கை பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறேன். அவள் காதில் விழும்படி சொல்ல முடியாத எதையும் நான் சாமியிடம் கேட்பதில்லை.