திரிந்த பால்

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் எதிர் அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் டெஸ் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள். பிகோ என்ற அரிசி இனிப்புக்காக என் அடுப்பில் தேங்காய்ப்பாலை ஏற்றிவிட்டு, சர்க்கரை எடுக்கத் தன் வீட்டுக்குப் போனாள். பால் ஓரத்தில் திரியத் தொடங்கியதும் என் கை தானாக அடுப்பை அணைத்துவிட்டது.

திருநெல்வேலியில் எனக்கு ஒன்பது வயது. சொதிக் குழம்பில் தேங்காயின் தலைப்பாலை ஊற்றிய அம்மா, "ஏட்டி, கொதிச்சிராம கிண்டிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு இலை போடப் போனாள். நானோ, எதிர்வீட்டில் வந்து இறங்கிய பீரோவை ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தேன். எண்ணெய் வாடை வந்த பிறகுதான் திரும்பினேன்; பால் திரிந்துவிட்டிருந்தது.

"இத மனுஷன் திம்பானா?" அப்பா சட்டியைத் தூக்கி எறிந்தார். முற்றத்துக் கல்லில் முருங்கைக்காய்கள் சிதறின.

"நாந்தான் கவனிக்கல" என்றாள் அம்மா. அவர் கை அவள் கன்னத்தில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சாகும்வரை திறக்கவில்லை.

டெஸ் திரும்பி வந்து, ஏன் அணைத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பால் திரிந்தே ஆகவேண்டுமாம். அப்போது பிரிந்து பொரிகிற கசடுதான் இதற்கு ருசியாம். அடுப்பை மறுபடி போட்டுக் கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

"கவனிக்காதது நான்தான்" என்றேன், தமிழில்.

அவளுக்குப் புரியவில்லை.